வாளியில் விழுந்த உப்பு

வெள்ளிக்கிழமை பகல் பதினொன்றரை மணிக்கு முனவ்வறா வீட்டுக் கொல்லையில் குந்திக்கொண்டு ஒரு வெண்டி இலையைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இலையின் ஓரம் முழுவதும் கருகியிருந்தது. தண்ணீருக்குத் தவித்த இலை துவண்டு தொங்கும், அந்தியில் இரண்டு வாளி ஊற்றினால் விடிய நிமிர்ந்துவிடும். இது துவளவில்லை. ஓரத்தில் பழுப்பேறி, விரல் பட்டதும் நொறுங்கியது. வரிசையில் நின்ற ஏழு செடியிலும் இதே கோலம்தான்.

மேற்கிலிருந்து அனலாக வீசும் கச்சான் காற்று இரண்டு மாதமாக ஓயவில்லை. சாய்ந்தமருதில் கிணறுகள் அடிமட்டத்துக்கு இறங்கி, இருக்கிற தண்ணீரும் வாயில் வைத்தால் கரித்தது. ஆனாலும் அடுத்த வரிசைக் கத்தரிக்கு ஒன்றுமில்லை. அதுவும் அதே காற்றைத்தான் குடிக்கிறது, அதே கிணற்றைத்தான் குடிக்கிறது. வெண்டிக்கு மட்டும் என்ன வந்தது? முனவ்வறா நாளை எண்ணிப் பார்த்தாள். புதன்கிழமை பின்னேரம் இந்த ஏழு வெண்டிக்கும்தான் உரமாகப் புதிதாக வடித்த மீன் பசளையை ஊற்றியிருந்தாள்.

கடைப் பசளை கண்ணில் காணக் கிடைக்காமல் போன அந்த வருசத்தில் பழகிய கை அவளுடையது. கடற்கரையில் மீன் வெட்டுகிற இடத்தில் குடலும் செவுள் பூவும் தலையுமாக வாங்கிவருவாள். துண்டு துண்டாக நறுக்கி, மீன் எவ்வளவோ அவ்வளவு சிவப்புச் சீனி போட்டுப் பிசைந்து, வாளியில் அடைத்து, வாயைச் சீலையால் கட்டி நிழலில் வைப்பாள். இருபத்தைந்து நாள் போனால் தேன் நிறத்தில் ஒரு சாறு நிற்கும். அதை வடித்துத் தண்ணீரில் கலந்து ஊற்றினால், வறண்ட மணலிலும் செடி பச்சை பிடித்து நிற்கும். ஆனால் நாற்றம் என்றால் நாற்றம். வாளியைத் திறக்கிற அன்று பக்கத்து வீட்டுக்காரி ஜன்னலை அடித்துச் சாத்துவது இங்கே கேட்கும்.

இந்தத் தடவை வாளியைத் திறந்தபோது அந்த நாற்றம் இல்லை. கை தேறிவிட்டது என்று முனவ்வறா தன்னைத்தானே மெச்சிக்கொண்டாள். அந்தப் பெருமையிலேயே ஒரு கேன் நிறைய வடித்து, நேற்றுப் பின்னேரம் வந்த மகன் முர்ஷிதின் மோட்டார் சைக்கிளில் கட்டி அனுப்பினாள். அது போன இடம் மருதமுனை, சம்மந்தி ஸுல்பிகாவின் வீடு.

முர்ஷித் கலியாணம் முடித்துப் பெண் வீட்டோடு போய் எட்டு மாதம். மகனை இன்னொருத்தி வீட்டுப் பீங்கானில் சாப்பிட அனுப்பிவிட்டு, அங்கே அவன் முகம் வாடாமல் இருக்கிறானா என்று இங்கிருந்தபடி ஏங்குவதுதான் ஆண்பிள்ளை பெற்ற உம்மாமார் எல்லாருக்கும் விதித்தது. முனவ்வறா கொஞ்சம் கூடுதலாகவே ஏங்குகிறவள். சம்மந்தம் பேச வந்த அன்று, பெண் பக்கத்தில் யாரோ ஒருத்தி “மீன்காரப் பகுதிதானே” என்று சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. அவர்கள் நெசவுக்காரர், தறி வைத்திருக்கிறவர்கள், சேலையும் சாரமும் நெய்து கொழும்புக்கு அனுப்புகிறவர்கள். இருந்துவிட்டுப் போகட்டும். மீன்காரியின் கைப்பசளை அந்த வீட்டு முற்றத்தில் செடியை நிமிர்த்திக் காட்டட்டும் என்று இரண்டு கேன் முன்னமே அனுப்பியாயிற்று. மாமிக்கு நல்லாப் பிடித்துக்கொண்டதாம் என்று முர்ஷித் வந்து சொல்லும்போதெல்லாம் இவளுக்கு அன்றைக்குச் சோறு கூடுதலாக இறங்கும்.

ஸுல்பிகா தன் தெரு மாதர் சங்கத்துக்குத் தலைவி. இந்த வறட்சியிலும் நிழல் வலை கட்டி, இருநூற்றுப் பத்து பொலித்தீன் பையில் மிளகாய்க் கன்று வளர்த்து வைத்திருந்தாள். நாளை சனிக்கிழமை காலையில் அத்தனையும் சங்கத்துப் பெண்களுக்குப் போகப் போகிறது. கொடுக்கும் முன் கடைசியாக ஒரு தடவை பசளை ஊற்ற வேண்டும். “வெள்ளிக்கிழமை தறி நிக்கிற, மாமி ஜும்ஆ நேரத்துல ஊத்தி முடிச்சிருவாங்க” என்று முர்ஷித் நேற்றே சொல்லியிருந்தான். நிழல் வலைக்குக் கீழே பகலில் ஊற்றினாலும் பரவாயில்லை என்று இவளும் தலையாட்டியிருந்தாள்.

முனவ்வறா எழுந்து குசினிப் பக்கம் போனாள். வாளியின் அடியில் மிச்சம் இருந்த சாற்றில் சின்ன விரலைத் தோய்த்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு நாக்கு நுனியில் வைத்தாள். வைத்த வேகத்தில் துப்பினாள். இனிப்பு எங்கேயோ கடைசியில் கிடந்தது. முன்னால் வந்தது உப்பு.

அவளுடைய புருஷன் கச்சிமுகம்மது குளித்து வெள்ளைச் சாரம் உடுத்து, தொப்பியைத் தட்டிக்கொண்டு ஜும்ஆத் தொழுகைக்குப் புறப்பட நின்றார்.

“இஞ்சாருங்க, இந்த வாளியில நீங்க என்னவும் போட்டீங்களா?”

“எந்த வாளியில?”

“மீன் பசளை வாளியில.”

“அதா?” கச்சிமுகம்மதுவின் முகம் மலர்ந்தது. “நீ கோமாரியில தங்கச்சி ஊட்டுக்குப் போய் நாலு நாள் நிண்டாயே, அப்ப தொறந்து பாத்தன். புழு வெச்சிப் போயிரிந்திச்சி. பாத்துக்கிட்டு சும்மா இரிக்க ஏலுமா? ரெண்டு கொத்து உப்ப அளந்து போட்டு நல்லாக் கிளறி வெச்சன். பொறகு நாத்தம் விட்டுப் போச்சா இல்லையா?”

முப்பது வருசம் கடற்கரையில் கருவாடு போடும் வாடியில் நின்ற மனிதர். அவருடைய கையைக் குறை சொல்லவும் ஏலாது. இந்தக் கரையில் பிறந்த யாருடைய கையும் பழுதாகப் போகிற மீனைக் கண்டால் உப்புச் சட்டியைத்தான் தேடும். செய்ததைச் சொல்லவேண்டும் என்றுகூட அவருக்குத் தோன்றவில்லை. அடுப்பில் பால் பொங்கினால் இறக்கி வைத்ததை யாராவது சொல்லிக்கொண்டு திரிவார்களா?

“அது கருவாடில்ல. கண்டுக்கு ஊத்துற சாமான். உப்பு கண்டக் கொல்லும்.”

“தென்னைக்கு உப்புப் போடுறல்லையா?”

“மிளகாக் கண்டு தென்னையா? ஊத்தின ஏழு வெண்டியும் கருகிட்டு. அந்தப் பசளை நேத்து மருதமுனைக்குப் போயிட்டு. இண்டைக்கி ஜும்ஆ நேரத்துல ஊத்தப் போறாங்க.”

அப்போதுதான் கச்சிமுகம்மதுவுக்கு உறைத்தது. தலையில் வைக்கப்போன தொப்பியைக் கீழே இறக்கினார். பள்ளிவாசலில் முதல் பாங்கு கேட்டது.

“போனப் போட்டுச் சொல்லு. நான் தொழுதிட்டு வந்த உடனே கூட்டிட்டுப் போறன்,” என்று சொல்லிவிட்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஜும்ஆவை விட்டுவிட்டு வாருங்கள் என்று சொல்ல அவளுக்கும் நாக்கு எழவில்லை.

ஸுல்பிகாவின் போன் அடித்து அடித்து ஓய்ந்தது. மூன்று தரம் எடுத்தாள், மூன்று தரமும் அப்படியே. மருமகள் நஸ்லியாவின் போன் வேலை செய்யவில்லை. முர்ஷித் மில் மெஷின் திருத்துகிறவன். வெள்ளிக்கிழமை மில் நிற்கிற நாளில்தான் அவனுக்கு வேலை. இன்றைக்கு இறக்காமத்தில் நெல் மில் ஒன்றில் நிற்கிறான், ஜும்ஆவுக்குப் போனின் சத்தத்தை நிறுத்தியிருப்பான். அவனுக்கும் ஆறு தரம் எடுத்தாள். பிறகு அபாயாவை மாட்டிக்கொண்டு, போன மாதத்து நல்ல பசளை மிச்சம் கிடந்த சின்னப் போத்தலைக் கைப்பையில் திணித்துக்கொண்டு மெயின் ரோட்டுக்கு நடந்தாள்.

வெள்ளிக்கிழமை ஜும்ஆ நேரத்தில் சாய்ந்தமருது மெயின் ரோட்டில் நின்று பார்த்தவர்களுக்குத்தான் அது தெரியும். கடையெல்லாம் பலகை போட்டிருக்கும். ஓட்டோக்கள் வரிசையாகப் பள்ளிவாசல் மதிலோரம் நிற்கும், ஓட்டுகிறவர்கள் உள்ளே குத்பாப் பிரசங்கம் கேட்டுக்கொண்டிருப்பார்கள். நடுரோட்டில் ஒரு நாய் நீட்டி நிமிர்ந்து படுத்திருந்தது. அனல் காற்று மணலை வாரி முகத்தில் அடித்தது. பஸ் ஒன்று வரும் வரும் என்று அவள் பார்த்தாள், வரவில்லை. ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு வாளி என்று மனதுக்குள் கணக்கு ஓடியது. இந்நேரம் ஸுல்பிகா முதல் வரிசை முடித்திருப்பாள். இந்நேரம் இரண்டாவது வரிசை.

இளங்கன்று வெண்டியளவுக்கும் தாங்காது. இன்று ஊற்றினால் நாளைக் காலையில் சங்கத்துப் பெண்கள் பையை வாங்கிப்போகும்போது பச்சையாக இருக்கும், ஞாயிற்றுக்கிழமை ஒவ்வொரு வீட்டிலும் சுருண்டு கிடக்கும். என்ன ஊற்றினாய் என்று ஊர் கேட்கும். மருமகன்ட உம்மா தந்த சாமான் என்று ஸுல்பிகா சொல்லித்தானே ஆக வேண்டும்? அதற்குப் பிறகு முர்ஷித் அந்த வீட்டில் சாப்பாட்டுக்கு எப்படி உட்காருவான்? அவர்கள் வாய் திறந்து ஒன்றும் சொல்ல மாட்டார்கள். சொல்லாமல் கறியை எடுத்து வைப்பார்கள். முனவ்வறா நடுரோட்டுக்கே இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள்.

இருபது நிமிடம் கழித்துக் காரைதீவுப் பக்கமிருந்து ஒரு ஓட்டோ வந்தது. கை காட்டியதும் நின்றது. ஓட்டியவர் நிதர்சன், காரைதீவுக்காரர், நாற்பது வயது இருக்கும். ஜும்ஆ நேரத்தில் இந்த ரோட்டில் ஓட்டம் தனக்குத்தான் என்று தெரிந்து வருகிறவர்.

“மருதமுனைக்கு, தம்பி. கொஞ்சம் சுறுக்காப் போங்க.”

“ஆஸ்பத்திரிக்கா அக்கா?”

“இல்ல. மகன்ட மாமி ஊட்டுக்கு.”

நிதர்சன் கண்ணாடியில் ஒரு தரம் பார்த்துவிட்டு வேகத்தைக் கூட்டினார். மகன்ட மாமி வீட்டு அவசரம் ஆஸ்பத்திரி அவசரத்தைவிடப் பெரிது என்று அவருக்கு விளங்கியிருக்க வேண்டும்.

கல்முனையைத் தாண்டும்வரை முனவ்வறா பொய்களைக் கோத்துக்கொண்டே போனாள். சும்மா வந்தேன் என்று சொல்லலாம். தவறிப்போய் வேறு கேனைக் கொடுத்துவிட்டேன், இந்தப் போத்தல்தான் சரியானது என்று மாற்றி எடுத்துக்கொள்ளலாம். உப்பைப் பற்றி வாயே திறக்கத் தேவையில்லை. கேன் மூடி திறக்காமல் இருந்தால் போதும், மானம் காப்பாற்றப்பட்டுவிடும். யா அல்லாஹ், அந்த மூடி திறபடாமல் இருக்க வேண்டும். பாண்டிருப்பில் ஒரு மாட்டு வண்டி குறுக்கே வந்தபோது இவள் சீட்டைப் பிடித்த பிடியில் விரல் நோவெடுத்தது.

மருதமுனையில் ஸுல்பிகா வீட்டுப் படலை திறந்தே கிடந்தது. தறிக் கொட்டிலில் சத்தமில்லை. முனவ்வறா ஸலாம் சொல்லிக்கொண்டே பக்கவாட்டால் பின்முற்றத்துக்குப் போனாள். கிணற்றுக் கட்டில் அவளுடைய கேன் கவிழ்த்து வைத்திருந்தது. மூடியைக் காணவில்லை. நிழல் வலைக்குக் கீழே இருநூற்றுப் பத்துப் பையிலும் மண் ஈரமாகக் கறுத்திருந்தது.

கேனைத் தூக்கி உலுக்கிப் பார்த்தாள், ஒரு சொட்டு இல்லை. உள்ளேயிருந்து தொழுத உடுப்போடு ஸுல்பிகா வந்தாள், பின்னால் நஸ்லியா. சம்மந்திமார் இருவருக்கும் மச்சி முறைதான்.

“மச்சி? இந்த வெயிலுக்குள்ள தனியாவா வந்தீங்க? வாங்க, உள்ளுக்கு இரிங்க.”

“பசளைய ஊத்திட்டீங்களா மச்சி?”

ஸுல்பிகா மகளை ஒரு பார்வை பார்த்தாள். நஸ்லியா நிலத்தைப் பார்த்தாள்.

“ஓம் மச்சி, ஊத்தியாச்சி,” என்றாள் ஸுல்பிகா. “நல்ல சாமான். கண்டெல்லாம் குடிச்சிட்டு நிக்கிது.”

வழி நெடுகக் கோத்த பொய்யெல்லாம் அந்த இடத்தில் உதிர்ந்து போயிற்று. இனி மாற்றி வைப்பதற்கு ஒன்றுமில்லை. கன்றையாவது காப்பாற்ற வேண்டும்.

“மச்சி, அதுக்குள்ள உப்பு இரிக்கி,” என்றாள் முனவ்வறா. “ரெண்டு கொத்து உப்பு. இவர் புழு வெச்சிட்டெண்டு நெனச்சிப் போட்டிருக்கார், எனக்குத் தெரியா. இண்டைக்கித்தான் கண்டன். என்ட வெண்டியெல்லாம் கருகிட்டு. இந்தக் கண்டும் பட்டுப் போயிரும். நம்மட குத்தம்தான், நான் இல்லயெண்டு சொல்லல்ல. இப்ப தண்ணி ஊத்திக் கழுவினாக் கொஞ்சமாச்சும் தப்பும். ஒவ்வொரு பையிலயும் அடியால வடியிற அளவுக்கு ஊத்தணும். வாளியத் தாங்க.”

அவர்கள் பதில் சொல்லும்வரை அவள் நிற்கவில்லை. துலாக் கயிற்றைப் பிடித்து வாளியைக் கிணற்றில் விட்டாள். வாளி நெடுநேரம் இறங்கித் தரையில் மோதியது. வறண்ட கிணறு, ஒரு வாளி நிறைய நாலு தரம் அமிழ்த்த வேண்டியிருந்தது. இழுத்து, முதல் வரிசையில் ஐந்து பைக்கு ஊற்றினாள். மறுபடியும் விட்டாள். அபாயாவின் கை நனைந்து, முகத்தில் வேர்வை வழிந்தது. இருநூற்றுப் பத்துப் பைக்கு இப்படி ஊற்றினால் அந்த வீட்டுக்கு நாளைக்கு முகம் கழுவவும் தண்ணீர் இருக்காது. அது தெரிந்தும் ஸுல்பிகா அவளைத் தடுக்கவில்லை.

மூன்றாவது வாளி மேலே வரும்போது நஸ்லியா ஓடிவந்து கயிற்றைப் பிடித்தாள்.

“மாமி, வேணாம் மாமி. ஊத்தாதீங்க.”

“விடுங்க மகள், நேரம் போனா ஏலாது.”

“கண்டுக்கு ஊத்தல்ல மாமி,” என்றாள் நஸ்லியா. அழுகை வந்துவிட்டது. “அது வெறுந்தண்ணிதான் ஊத்தின. உங்கட பசளைய நான் விடியவே கக்கூசுக்குப் பின்னால குழி வெட்டி ஊத்திட்டன். முந்தி வந்த கேனையும் அப்பிடித்தான்.”

முனவ்வறாவின் வாயிலிருந்து முதலில் வந்தது அல்ஹம்துலில்லாஹ் என்பதுதான். கன்று தப்பிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒருவரும் ஒன்றும் கேட்கப் போவதில்லை. அவள் கிணற்றுக் கட்டிலேயே உட்கார்ந்துவிட்டாள். நஸ்லியா கொடுத்த தண்ணீரைக் குடித்தாள். பாதிக் கோப்பை குடித்த பிறகுதான் மற்றது மெதுவாக வந்து சேர்ந்தது. முந்தி வந்த கேனையும் அப்படித்தான்.

“எல்லாக் கேனுமா?” என்று கேட்டாள்.

ஸுல்பிகா பக்கத்தில் வந்து நின்றாள். “முதல் கேன ஊத்தின மச்சி, பொய் சொல்லல்ல. ஊத்தின அண்டைக்கிக் காத்து இந்தப் பக்கமா அடிச்சி, அந்த நாத்தம் முழுக்கக் கொட்டிலுக்க வந்திட்டு. நூல் இரிக்கே, அது எந்த வாசத்தையும் இழுத்து வெச்சிக்கிரும். தறியில நிண்ட நாலு சேலையும் கொழும்பில இரிந்து திரும்பி வந்திச்சி. மீன் மணக்குதாம்.”

“சொல்லியிரிக்கலாமே மச்சி.”

“எப்பிடிச் சொல்ற? சம்மந்தி ஊட்டுச் சாமான் மீன் நாத்தம் நாறுதெண்டு சொல்ல ஏலுமா? அண்டைக்கி எங்கட ஆக்கள்ல ஒருத்தி கதைச்சது உங்கட காதுல விழுந்தது எனக்குத் தெரியும். அதுக்குப் பொறகு நான் இதையும் சொன்னா நீங்க என்னெண்டு எடுப்பீங்க? மருமகன் அவ்வளவு ஆசையாக் கட்டிட்டு வாறார். அவருக்குத் தெரியா. நல்லா இரிக்கி எண்டு இவள்தான் அவருக்குச் சொல்லிட்டிரிந்த.”

முனவ்வறாவுக்கு அவளைக் குற்றம் சொல்ல ஒன்றும் அகப்படவில்லை. அதுதான் பெரிய நோவாக இருந்தது. ஏசிவிட்டுப் போக ஒரு காரணம் கிடைத்தாலாவது மனம் ஆறும். இருபத்தைந்து நாள், இருபத்தைந்து நாள் என்று மூன்று வாளி கிளறிய கை மடியில் கிடந்தது. அந்தக் கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் கைப்பைக்குள் போட்டாள்.

பைக்குள் போன் அடித்தது. முர்ஷித்.

“உம்மா, ஏன் இத்தின தரம் எடுத்திரிக்கீங்க? வாப்பாக்கு என்னவுமா?”

அவன் குரல் வெளியே நன்றாகக் கேட்டது. நஸ்லியா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். ஒரு சொல் போதும். இரண்டு மாதமாகப் பெண்சாதி தன்னிடம் பொய் சொல்லியிருக்கிறாள் என்று இவன் அறிவான். உம்மாவின் கைச்சாமான் கக்கூசுக் குழிக்குப் போயிருக்கிறது என்று அறிவான். அதற்குப் பிறகும் ஒவ்வொரு நாளும் அந்தியில் இந்தப் படலைக்குள்தான் வரவேண்டும்.

“ஒண்டுமில்ல மகன். வாப்பா நல்லா இரிக்கார். நான் இஞ்ச மருதமுனைக்கு வந்தன். கண்டப் பாக்கணும்போல இரிந்திச்சி.”

“எப்பிடி நிக்கிது?”

“நல்லா நிக்கிது.”

“நான் சொன்னன்தானே உம்மா.” அவன் சிரித்தான். “உங்கட பசளை எண்டா சும்மாவா? மாமி என்ன சொல்றாங்க?”

முனவ்வறா ஸுல்பிகாவைப் பார்த்தாள். ஸுல்பிகாவின் கண் நிறைந்திருந்தது.

“அடுத்த கேனையும் கேக்குறாங்க மகன்,” என்றாள்.

“அப்ப சுறுக்காப் போட்டு வைங்க. அடுத்த மாசம் வந்து எடுத்திட்டுப் போறன்.”

போனை அணைத்துப் பைக்குள் வைத்தாள். ஸுல்பிகா வந்து அவளுடைய கையைப் பிடித்தாள். முனவ்வறா கையை இழுத்துக்கொள்ளவில்லை. நாளைக்கு விடியக் கடற்கரைக்குப் போய்க் குடல் வாங்க வேண்டும், சிவப்புச் சீனி வாங்க வேண்டும், இருபத்தைந்து நாள் குறையாமல் கிளற வேண்டும். இந்த வீட்டுக் குழியில் கொட்டுவதற்குத்தான் என்று தெரிந்துகொண்டே அத்தனையும் செய்ய வேண்டும்.